ரயில் விட்டுச்சென்ற சரிவு

விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்கே வில்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர்ப் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்த நாங்கள், ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றின் காலை ஏழரை மணிக்குச் சைக்கிளில் புறப்பட்டோம். நான், பத்து வயது மகள், தென்காசியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த என் அப்பா. மேற்கே ஸ்பார்ட்டா வரை போவது திட்டம். ஏறக்குறைய 28 கிலோமீட்டர். மனைவி பிற்பகலில் காரை அங்கே கொண்டுவந்து எங்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. குன்றுகள் நெருக்கியடித்து நிற்கும் அந்த வட்டாரத்தில் அறுபத்தொன்பது வயதுக்காரரும் ஒரு சிறுமியும் அவ்வளவு தூரம் மிதிப்பது நடக்கிற காரியமா என்று அவளுக்குச் சந்தேகம். எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. நாங்கள் போகவிருந்தது ரயிலுக்காகப் போட்ட பாதை. ரயிலால் ஏற முடிந்த ஏற்றத்தை எங்கள் மூவராலும் ஏறிவிட முடியும் என்பது என் கணக்கு.

எல்ராய்–ஸ்பார்ட்டா மாநிலத் தடம் என்று அதற்குப் பெயர். கிழக்கே எல்ராயில் தொடங்கி, கெண்டல், வில்டன், நார்வாக் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு ஸ்பார்ட்டாவில் முடிகிறது. மொத்த நீளம் 32.5 மைல், நம் கணக்கில் 52 கிலோமீட்டர். சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில் நிறுவனம் இந்த வழியில் 1873-இல் வண்டி விட்டது. 1964-இல் கடைசி ரயில் போனபின் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய நிலத்தை மாநில அரசு வாங்கி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமாக 1967-இல் திறந்துவிட்டது. கைவிட்ட ரயில் தடத்தைப் பொதுமக்கள் உலவும் பாதையாக மாற்றியது அமெரிக்காவில் முதன்முதலாக இங்கேதான் என்று பரவலாகச் சொல்கிறார்கள். வழியில் மூன்று குகைகள். கெண்டலுக்கும் வில்டனுக்கும் நடுவே ஒன்று, வில்டனுக்கும் நார்வாக்குக்கும் நடுவே ஒன்று. இவை இரண்டும் கால் மைல் அளவு. நார்வாக்கைத் தாண்டியதும் வருகிற மூன்றாவது குகையின் நீளம் 3,810 அடி, ஒரு கிலோமீட்டரைவிடக் கூடுதல். வில்டனிலிருந்து மேற்கே போகிறவர்களுக்குக் கடைசி இரண்டும் வாய்க்கும்.

சுரங்கப்பாதை என்றே இதை எழுதியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் ரயில் நுழைந்து போகும் மலைத்துளைக்குக் குகை என்றுதான் பெயர், அப்பாவும் அன்று முழுவதும் அப்படியேதான் சொன்னார். அவர் தெற்கு ரயில்வேயில் செங்கோட்டைப் பகுதியில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கீமேன் என்பவர் தம் பொறுப்பில் உள்ள பாதையைத் தினமும் நடந்தே பார்க்க வேண்டியவர். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், பையில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் ரயில் ஓட்டுநரை எச்சரிக்கும் வெடியும் வைத்துக்கொண்டு, தண்டவாளத்தைக் கட்டையோடு பிணைக்கும் கீ எங்காவது தளர்ந்திருந்தால் அடித்து இறுக்கிக்கொண்டே போவார். கொல்லத்துக்குப் போகும் மலைப்பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் அதில் வேலை பார்த்தவர் அப்பா. 1904-இல் திறந்த அந்தப் பாதையை அகலப்பாதையாக்குவதற்காக 2010-இல் மூடினார்கள். 2018-இல் மறுபடி ரயில் ஓடியபோது அவர் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தப் பயணத்துக்கு அவரை அழைத்தபோது, “ரயில் போகாத பாதையில பாக்கதுக்கு என்னலே இருக்கு?” என்று கேட்டார். மேடிசனில் எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்குச் சலித்துப்போயிருந்ததால்தான் வரச் சம்மதித்தார் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் இரவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கூடாரம் வாங்கும்போதே தேவையற்ற பொருள்கள் பலவற்றையும் சேர்த்து வாங்கும் நோய் எனக்கு உண்டு. அவற்றில் பாதியை நாங்கள் பிரிக்கவே இல்லை. விறகு மட்டும் வீட்டிலிருந்து எடுத்துவரக் கூடாது. ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகதப் பச்சை வண்டு விறகோடு விறகாகப் பயணம் செய்து ஊர் ஊராகப் பரவுவதால், மாநிலப் பூங்காக்களில் எரிக்கும் விறகு பத்து மைல் சுற்றளவுக்குள் வாங்கியதாகவோ சான்றிதழ் பெற்றதாகவோ இருக்க வேண்டும் என்று விஸ்கான்சினில் விதி. நாங்கள் தங்கியது ஊர்ப் பூங்காதான் என்றாலும் பழக்கத்தை விடாமல் அங்கேயே வாங்கினோம். மனைவி கட்டிவந்திருந்த புளியோதரையை நெருப்பின் முன் உட்கார்ந்து தின்றோம். மின்மினிகள் புல்வெளியில் இடுப்புயரத்துக்குப் பறந்தன. ரக்கூன்கள் வரும், சாப்பாட்டைக் காருக்குள் வை என்று மகள் மூன்று முறை நினைவூட்டினாள்.

காலையில் தடத்தில் ஏறியதும் எனக்குத் தெரிந்தது மரங்கள்தான். இருபுறமும் வளர்ந்து மேலே கைகோத்துக்கொண்டதால் பாதையே ஒரு பச்சைக் கூடம் போலிருந்தது. ஓரத்தில் காட்டுப் பார்ஸ்னிப் மஞ்சளாய்ப் பூத்திருந்தது. அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீக்காயம் போலக் கொப்பளித்துவிடும் என்பதால், பூவைப் பறிக்கக் கூடாது என்று மகளிடம் சொல்லிவைத்தேன். அப்பாவுக்குத் தெரிந்தவை வேறு. அவர் நூறு கஜம்கூடப் போகவில்லை, சைக்கிளை நிறுத்திக் கால் ஊன்றி நின்றுவிட்டார். பாதையின் இருபுறமும் ஓடிய ஓடைக்கால்களைப் பார்த்தார். பாதையின் நடுப்பகுதி சற்றே மேடாகவும் ஓரங்கள் தாழ்ந்தும் இருந்ததைக் குனிந்து பார்த்தார். சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக உடைத்துக் கொட்டி அமுக்கிய தளத்தைக் கால் கட்டைவிரலால் கீறிப் பார்த்தார். “ஜல்லிய அள்ளிட்டுத் தூள் போட்ருக்கான். ஆனா தண்ணி வடியுதுக்குப் போட்ட அமைப்ப அப்படியே வச்சிருக்கான். அதனாலதான் நிக்கி” என்றார். ரயில் பாதையைப் பராமரிப்பது என்பது பெரும்பாலும் தண்ணீரை வெளியேற்றுவதுதான் என்று சிறுவயதில் அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், நான் கவனித்ததில்லை.

இந்த வட்டாரத்துக்கு மட்டும் இவ்வளவு குன்றுகள் எப்படி வந்தன என்பதற்கு ஒரு விடை உண்டு. பனியுகத்தில் வட அமெரிக்காவின் வடபகுதியை மூடிய பனிப்பாளங்கள், தாம் கடந்த நிலத்தையெல்லாம் அரைத்துத் தட்டையாக்கி, போகும்போது மண்ணையும் கல்லையும் குவித்துவிட்டுப் போயின. விஸ்கான்சினின் தென்மேற்கு மூலை மட்டும் அவற்றிடம் சிக்காமல் தப்பியது. ஆகவே மற்ற இடங்களில் மழுங்கிப்போன நிலம் இங்கே பழைய மேனிக்கு நிற்கிறது: செங்குத்தான மணற்கல் குன்றுகள், அவற்றுக்கு நடுவே ஆழமாக வெட்டிய பள்ளத்தாக்குகள், கிக்காபூ என்னும் நதி போன்று நெளிந்து நெளிந்து போகும் ஆறுகள். அந்த ஆறு பிறப்பது இந்தப் பக்கத்துக் குன்றுகளில்தான். சிகாகோவிலிருந்து மேற்கே மின்னசோட்டாவுக்குப் போக விரும்பிய ரயில்வேக்காரர்களின் வழியில் இந்தக் குன்றுகள் குறுக்கே நின்றன. வண்டிப் பாதையென்றால் குன்றின் மேல் வளைந்து வளைந்து ஏறி இறங்கிவிடலாம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது பிடிமானம் குறைவு என்பதால், சுமை இழுக்கும் எஞ்சினுக்குச் சரிவு கொஞ்சம் கூடினாலும் சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றும். ஆகவே பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கினார்கள், மேட்டை வெட்டிப் பள்ளமாக்கினார்கள், வெட்ட முடியாத மூன்று இடங்களில் மலையைத் துளைத்தார்கள்.

விளைவு, இத்தடத்தில் எங்கேயும் சரிவு 3 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. இதை அப்பாவிடம் சொன்னபோது மனத்துக்குள் வகுத்துப் பார்த்துவிட்டு, “முப்பத்துமூணுக்கு ஒண்ணு. ஏலே, அது ரயிலுக்கு லேசுப்பட்ட ஏத்தம் இல்ல. பின்னால இன்னொரு எஞ்சினப் போட்டுத் தள்ளிருப்பான்” என்றார். சைக்கிளுக்கோ அது உறைக்கவே இல்லை. தொடையில் மெல்லிய கனம் ஒன்று ஏறிக்கொண்டே வரும், மூச்சு சற்று சூடாகும், ஏறுகிறோம் என்ற எண்ணம் மட்டும் வராது. திரும்பிப் பார்த்தால்தான் பள்ளத்தாக்கின் களஞ்சியங்களும் பால்பண்ணைகளும் கீழே போயிருப்பது தெரியும். வாடகைக்கு எடுத்த சைக்கிளில் இருந்த கியர்களை எப்படி மாற்றுவது என்று நான் காட்டிக்கொடுக்க முயன்றேன். தேவையில்லை என்று கையை அசைத்துவிட்டு, பிடித்த ஒரே கியரில் கடைசி வரை மிதித்தார்.

இரண்டாவது குகைக்கு முன்பே காற்று மாறியது. மரநிழலைவிட இது வேறு வகைக் குளிர், கணுக்காலில் தொடங்கி மேலே ஏறுவது. இருபுறமும் பாறைச் சுவர்கள் உயர்ந்து, அவற்றில் பாசியும் பெரணியும் ஒட்டி, நீர் கசிந்து, நடுவில் கருப்பாக ஒரு வாய் திறந்திருந்தது. உள்ளே சைக்கிள் ஓட்டக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், கைவிளக்கு வேண்டும். கால் மைல்தான் என்பதால் மறு முனையின் வெளிச்சம் சிறு நாணயம்போல் தெரிந்துகொண்டிருக்க, மகள் கத்தி எதிரொலி கேட்டபடி ஓடாத குறையாகக் கடந்தாள். வெளியே வந்தபின் நார்வாக் வரை இறக்கம். கருப்பு அணில்களுக்குப் பேர்போன ஊர் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நாங்கள் பார்த்த ஒரே அணில் சாம்பல் நிறம். அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டு, பல்லில் பட்டால் கீச்சிடும் புதிய பாலாடைக்கட்டித் துண்டுகளை ஒரு பை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். அவற்றை அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. ரப்பரைக் கடிப்பது போலிருந்தாலும் உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

மூன்றாவது குகையை வெட்டி முடிக்க மூன்று ஆண்டுகள் ஆயின. அந்தப் பாதை 1873-இல் திறந்தது என்றால் அந்த வேலை நடந்த ஆண்டுகளை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். இன்றைய இயந்திரங்கள் எதுவும் இல்லாத காலம், சுத்தியலும் உளியும் வெடிமருந்தும் கையும்தான். குகையின் வாயில் நின்று உள்ளே பார்த்தபோது மறு முனை தெரியவில்லை. வெளியே ஜூலை மாத ஈரக்காற்று, உள்ளே பாறையின் குளிர். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூட்டம் கட்டி, ஆள் உயரத்துக்கு வெள்ளைத் திரையாகத் தொங்கியது. நான் புதிதாக வாங்கியிருந்த சைக்கிள் விளக்கு அந்த மூட்டத்தில் பட்டு எங்கள் முகத்தின்மேலேயே திரும்பி அடித்தது. நாலடி தூரம் தெரிந்தது. அதற்கப்பால் இருட்டு. கூடாரத்தில் மூன்று கைவிளக்குகளை விட்டுவிட்டு வந்த என் அறிவை நினைத்துக்கொண்டேன். அப்பா தம் கைவிளக்கைத் தரையை நோக்கித் தாழ்த்திப் பிடித்தார். “மேல அடிக்காத. காலுக்குக் கீழ அடி. மூட்டத்துல எப்பவும் கீழதான் அடிக்கணும்” என்றார். ஆரியங்காவுக் குகையில் மழைக்கால இரவுகளில் கற்றுக்கொண்ட பாடமாக இருக்க வேண்டும்.

இருபது நிமிடங்களுக்கு மேல் நடந்தோம். அந்த இருட்டை எழுதிக் காட்டுவது கடினம். கண் பழகிக்கொள்ளும் என்று நாம் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறோம், அது பழகவே இல்லை. கூரையிலிருந்து நீர் சொட்டியது; சில இடங்களில் சொட்டு, சில இடங்களில் தாரை. சட்டை நனைந்தது. ஓரத்துக் கால்வாய்களில் தண்ணீர் ஓடும் சத்தம் விடாமல் கூட வந்துகொண்டிருந்தது. எதிரே வந்தவர்கள் வெகு தொலைவில் பேச்சுக்குரலாகவும், பிறகு மங்கிய ஒளியாகவும், கடைசியில் சட்டென்று முகமாகவும் ஆனார்கள். ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்ளும்போது குரல்கள் தாமாகவே தாழ்ந்தன. மகள் இந்தக் குகையில் கத்தவில்லை. நடுவில் எங்கோ, விளக்குகளை அணைத்துப் பார்க்கலாமா என்று தாத்தாவிடம் கேட்டாள். அணைத்தோம். கையை முகத்துக்கு நேரே பிடித்தும் தெரியவில்லை. “தாத்தா, நீங்க இப்படித்தான் வேல பாத்தீங்களா?” என்றாள். “வண்டி வார நேரத்துக்கு வெளிய வந்துருவோம். வர முடியலன்னா செவுத்துல ஒதுங்குறதுக்குப் பொந்து வச்சிருப்பான். அதுல நிக்கணும்” என்று இருட்டிலிருந்து பதில் வந்தது. ரயில் நம்மைத் தொடாமல் கடக்கும்போது குகைக் காற்று எல்லாவற்றையும் இழுக்கும், தலைத்துண்டு பறந்துவிடும் என்றும் சொன்னார். நாற்பது வயதில் நான் அதை முதன்முறையாகக் கேட்டேன்.

குகையின் வாயில்களில் இன்றும் பிரம்மாண்டமான மர இரட்டைக் கதவுகள் இருக்கின்றன. நாங்கள் இந்தப் பயணத்தில் அதிக நேரம் நின்றது மேற்கு வாயிலின் கதவருகேதான். குகைக்கு எதற்குக் கதவு என்று மகள் கேட்டாள். கசிந்துகொண்டே இருக்கும் நீர் விஸ்கான்சின் குளிரில் உறையும். உறையும் நீர் விரியும். விரியும்போது பாறை இடுக்கைப் பிளக்கும். வெயிலில் உருகி மறுபடி உறையும்போது இன்னும் கொஞ்சம் பிளக்கும். சில குளிர்காலங்களில் கூரையே பெயர்ந்துவிடும். இதைத் தடுக்க ஒரே வழி, வெளிக்குளிரை உள்ளே விடாமல் இருப்பது. பூமிக்குள் இருக்கும் பாறை தன் வெப்பத்தை ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருக்கும் என்பதால், கதவைச் சாத்திவிட்டால் குகை தானாகவே உறையாமல் தப்பும். ஆனால் ரயில் போக வேண்டுமே? ஆகவே குகைக்கென்று ஒரு காவலாள் இருந்தார். குளிர்காலத்தில் ஒவ்வொரு ரயில் வரும் நேரத்துக்கும் கதவைத் திறப்பதும், அது போனதும் சாத்துவதும் அவர் வேலை. பனிக்கொட்டும் நள்ளிரவில், கைவிளக்கோடு, பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகை குளிரில், கதவின் மேல் அடைந்த பனியைத் தள்ளிக்கொண்டு.

இதை நான் சொல்லச் சொல்ல அப்பா கதவைத் தட்டிப் பார்த்தார், கீலைப் பார்த்தார், அண்ணாந்து அதன் உயரத்தை அளந்தார். “ரெண்டு பக்கமும் ஒரே ஆளா?” என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வாயில்கள். ஒரே ஆள் என்றால், ஒரு கதவைத் திறந்துவிட்டு இருட்டுக்குள் முழுக் குகையையும் நடந்துபோய் மறு கதவைத் திறக்க வேண்டும்; ரயில் போனபின் ஒன்றைச் சாத்திவிட்டு மறுபடி நடந்துவந்து மற்றதைச் சாத்த வேண்டும். அப்பா அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே நெடுநேரம் நின்றார். பிறகு, “அவன் பேரு எங்கயாவது எழுதிருக்கா?” என்றார். நாங்கள் நின்ற இடத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

ரயில் ஏன் நின்றது என்பதற்கும் இந்த மலைகளே காரணம். இவ்வளவு ஏற்றமும் மூன்று குகைகளும் கதவுகளும் காவலும் செலவு பிடிப்பவை. 1911 வாக்கில் அதே நிறுவனம் வடக்கே சமவெளி வழியாக, குன்றுகளைத் தவிர்த்து, மில்வாக்கியிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு இன்னொரு பாதை போட்டுவிட்டது. அதன்பின் முக்கிய ரயில்கள் அங்கே போயின. இது கிளைப்பாதைபோல் மெல்லத் தேய்ந்தது. சாலையும் லாரியும் வந்தபின் கதை முடிந்தது. அமெரிக்காவின் ரயில் பாதைகள் 1916-இல் உச்சத்தைத் தொட்டபோது அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,54,000 மைல். அதன்பின் சுருங்கிக்கொண்டே வந்தன. கைவிட்ட தடங்கள் பலவற்றின் நிலம் ரயில் நிறுவனத்துக்குச் சொந்தமானதே அல்ல. ரயில் ஓட்டும் உரிமையை மட்டும் உழவர்களிடமிருந்து பெற்றிருந்தார்கள், ரயில் நின்றால் உரிமை முடிந்து நிலம் பக்கத்து வயல்களோடு சேர்ந்துவிடும். ஒருமுறை துண்டு துண்டாகிவிட்டால் அந்தக் கோட்டை மறுபடி சேர்ப்பது நடவாது. 1983-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கு ஒரு வழி கண்டது: பிற்காலத்தில் ரயில் திரும்பி வரலாம் என்ற எண்ணத்தில் தடத்தைக் கலைக்காமல் வைத்திருக்கலாம், அதுவரை நடைபாதையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். நில உரிமையாளர்கள் எதிர்த்து வழக்காடினார்கள். உச்ச நீதிமன்றம் 1990-இல் சட்டம் செல்லும் என்றது. உழவர்களின் மனக்குறையிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. எல்ராய்–ஸ்பார்ட்டா இந்தச் சட்டத்துக்கெல்லாம் முந்தியது. அரசு நேராக வாங்கிக்கொண்டதால் சிக்கலில்லாமல் பிழைத்தது. அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். நம் ஊரில் ரயில்வே ஒரு சாண் இடத்தைக்கூட விடாது என்பது மட்டுமே அவர் கருத்து.

குகையிலிருந்து ஸ்பார்ட்டா வரையிலான பாதை நெடுகிலும் இறக்கம். மிதிக்கவே தேவையில்லாத இடங்களும் உண்டு. குகைக்குளிரில் நனைந்த சட்டை வெயிலில் காய்ந்தது. காடு மெல்ல விலகி வயல்கள் வந்தன, மக்காச்சோளம் தோள் உயரத்தில் நின்றது, தொலைவில் இரண்டு கொக்குகள் கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்தன. அவை கொக்குகளா, மணல்மேட்டு நாரைகளா என்று எனக்கும் மகளுக்கும் தர்க்கம் வந்தது. தலையில் சிவப்பு இருந்ததால், நாரைகள்தான் என்ற அவள் வென்றாள். ஸ்பார்ட்டாவில் பெரிய முன்சக்கரம் வைத்த அந்தக்காலச் சைக்கிளில் ஒருவர் அமர்ந்திருப்பதுபோல் மாபெரும் சிலை ஒன்று உண்டு. அமெரிக்காவின் சைக்கிள் தலைநகரம் என்று அந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. முதல் ஏழு அமெரிக்க விண்வெளி வீரர்களில் ஒருவரான டீக் ஸ்லேட்டன் 1924-இல் பிறந்ததும் அங்கேதான். அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம், பாதி விண்வெளிக்கும் பாதி சைக்கிளுக்குமாக இருக்கிறது. எங்களுக்கு அதைப் பார்க்கப் பொழுதில்லை. இன்னும் வலு இருப்பவர்கள் அங்கே நிற்க வேண்டியதில்லை: கிழக்கே ரீட்ஸ்பர்க்கிலிருந்து மேற்கே மிசிசிப்பிக் கரை வரை இதுபோன்ற நான்கு தடங்களைக் கோத்து ஏறக்குறைய 100 மைல் போகலாம். மனைவி காரோடு காத்திருந்தாள். அப்பா சைக்கிளை விட்டு இறங்கியதும் முழங்காலைத் தடவிக்கொண்டார், ஆனால் நாளைக்கும் வரலாம் என்றார்.

அன்றிரவு கூடாரத்தின் மேல் மழை பெய்தது. அப்பா தூங்காமல் புரண்டுகொண்டிருப்பது கேட்டது. என்ன வேண்டும் என்று கேட்டேன். “அந்தக் கதவ இப்பவும் சாத்துவாங்களா?” என்றார். குளிர்காலம் முழுவதும் சாத்தியே இருக்கும், பனிவண்டியில் வருகிறவர்கள் குன்றைச் சுற்றிக்கொண்டு போவார்கள், மே மாதம்தான் திறப்பார்கள் என்றேன். “வருசத்துக்கு ஒருதரம்” என்று சொல்லிக்கொண்டார். சிறிது நேரத்தில் குறட்டை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கண்விழித்தபோது அவர் படுக்கை காலியாக இருந்தது. கோடைக்கால ஞாயிறுகளில் வில்டன் ஊர்க்காரர்கள் பூங்காவிலேயே அப்பம்போல ஒன்றைச் சுட்டு, சைக்கிள்காரர்களுக்கும் கூடாரவாசிகளுக்கும் விற்கிறார்கள். அந்த வரிசையில் நிற்கிறாரோ என்று தேடினேன், இல்லை. அரைமணி நேரம் கழித்து, தடத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு காய்ந்த கிளையோடு நடந்துவந்தார். முழங்கை வரை சேறு. எங்கே போனீர்கள் என்று கேட்டேன். “ஒரு ரெண்டு மைல் போயிட்டு வாரேன். ராத்திரி மழ பெஞ்சுதுல்லா?” என்றார். மழை பெய்தால் மறுநாள் விடிவதற்குள் பாதையைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் முப்பது ஆண்டுப் பழக்கம்.

ஒரு சிறுபாலத்தின் வாயில் இலையும் குச்சியும் அடைத்துத் தண்ணீர் தேங்கி நின்றதாகவும், கையால் முடிந்த மட்டும் வாரி வெளியே போட்டதாகவும், உள்ளே ஒரு கட்டை குறுக்காகச் சிக்கியிருப்பதாகவும், அதை எடுக்க இரண்டு ஆளும் கடப்பாரையும் வேண்டும் என்றும் சொன்னார். “இங்க யாருகிட்டச் சொல்லணும்?” என்று கேட்டார். பதினாறு வயது நிரம்பிய யாரும் இத்தடத்தில் சைக்கிள் ஓட்ட அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். அதற்கான பணத்தை உறையில் போட்டுப் பெட்டியில் செலுத்தும் வசதி இருக்கிறது. அப்படிப்பட்ட உறை ஒன்று என் பையில் மிச்சம் இருந்தது. அதன் பின்புறத்தில் அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன்: ஊர்ப் பூங்காவிலிருந்து மேற்கே, சாலைப் பாலம் தாண்டி நானூற்றுப் பத்துத் தப்படியில், வலப்பக்கம், தண்ணீர் முக்கால்வாசி போகிறது, பாதைக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. கீழே தேதியும் நேரமும் போடச் சொன்னார். போட்டேன். பெயர் போடவா என்று கேட்டதற்கு, கீமேன் என்று போடு, போதும் என்றார்.